பன்னிரண்டு வயசுக்காரியின் பதினெட்டு வயசுக் கை

கிளீனருக்கு வலது முட்டி வலித்தால் மழை வரும். இடது முட்டி வலித்தால் வேலை வரும். அன்று காலை இரண்டும் சேர்ந்து வலித்தன. பாதி வாழ்க்கையை லாரியில் தொற்றி ஏறியும் குதித்து இறங்கியும் தேய்த்த முட்டிகள். டயர் கடைக்கு மேலே இருந்த துப்பறியும் ஆபீசுக்குப் போகும் மாடிப்படியில் பாதி தூரத்தில் உட்கார்ந்து, மிச்சப் படிகளைப் பார்த்து, "நீங்களே கீழ வந்துடுங்களேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, படியோட பேசி முடிச்சிட்டா மேல வாங்க. ஆள் காத்திருக்கு." மேலேயிருந்து எடைமேடையின் குரல்.

எடைமேடை என்பது லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர். சரக்கு வண்டிகளை நிறுத்து எடை போடும் மேடையில் வருஷக்கணக்கில் சீட்டு எழுதியவள். பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டு எடையைக் குறைக்கப் பார்ப்பான் ஒரு டிரைவர். இவள் ஜன்னலை விட்டு எழுந்திருக்காமலே, "இன்னும் ஒரு சாண் முன்னாடி வா ராசா" என்பாள். பொய்யை நிறுக்கத் தெரிந்தவள் தனியாகக் கடை போட்டுவிட்டாள். போட்டபோது லாரி கிளீனராக இருந்த இவரையும் கூட்டிக்கொண்டாள். அவளைவிட இவருக்கு வயசு அதிகம். ஆனாலும் அவளை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது என்று அவருக்கே தெரியாது.

உள்ளே நாற்காலியில் ஒரு லோடுமேன் உட்கார்ந்திருந்தார். மூட்டை சுமந்து சுமந்து கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன ஆள். மடியில் ஒரு பெரிய பழுப்புக் கவர். அதைப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என் பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு" என்றார்.

"சந்தோஷம்" என்றார் கிளீனர்.

"பதினெட்டுங்கறாங்க."

"யாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

"எலும்பு டாக்டரு."

கிளீனர் வாயை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். பொண்ணு கூடைப்பந்து ஆடுகிறாள். நல்ல உயரம். பதினாலு வயசுக்கு உட்பட்டவர்களை எடுக்கும் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்கப்போகிறது: படிப்பு, சாப்பாடு, ஷூ, எல்லாம் அவர்களே. சேருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயசு பார்த்தார்கள். இவள் பிலிமைப் பார்த்து டாக்டர், "வளர்ச்சி முடிந்தது, பதினெட்டு அல்லது அதற்கு மேல்" என்று எழுதிவிட்டார். இன்று சாயங்காலம் சேர்ந்தவர்கள் பேரை அறிவிக்கிறார்கள். அதில் இவள் இல்லை.

"பிறப்புச் சான்றிதழ்?" என்று கேட்டாள் எடைமேடை.

"வேலை தேடி மூணு இடம் மாறினோம். ஒரு தடவை மாறுறப்போ பெட்டி ஒண்ணை இறக்கறதுக்குள்ள லாரி போயிடுச்சு. பெட்டியும் போயிடுச்சு."

அது தன் லாரியாக இருக்குமோ என்ற யோசனையில் கிளீனர் விட்டத்தைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துல எழுதின வயசு இருக்குமே?"

"அதை நம்ப மாட்டாங்களாம். எல்லாரும் ரெண்டு மூணைக் குறைச்சுக் குறைச்சுக் குடுத்து மதிப்பு போயிடுச்சாம். எலும்புதான் பொய் சொல்லாதாம்." லோடுமேன் தொண்டையைச் செருமினார். "அதுகூடப் பரவால்ல. எனக்குக் கல்யாணமாகிப் பதிமூணு வருஷம்தான் ஆகுது."

கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார்கள்.

"என் அக்கா வந்து விரல் விட்டு எண்ணினா. கணக்கு உதைக்குதேடா தம்பின்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவகிட்ட ஒண்ணும் சொல்லல. என் சம்சாரத்துகிட்ட நேத்து ஒரு வார்த்தை கேட்டேன். எனக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு."

கிளீனர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டார். "பிரசவத்தப்போ கூட இருந்தது யாரு?"

"நான்தான். ஆட்டோ பிடிச்சுக் கொண்டுபோனதே நான்தானே. நர்ஸு குழந்தையைத் துணியில சுத்தி என் கையிலதான் குடுத்தா."

"அது கல்யாணத்துக்கு அப்புறம்தானே?"

"ஒரு வருஷம் கழிச்சு."

"குழந்தையைக் கையில வாங்கினப்போ ஆறு வயசு மாதிரியா இருந்துச்சு?"

"இல்லையே. இத்தனூண்டு."

"கண்ணால பார்த்துட்டும் கேட்டீங்களா?"

லோடுமேன் கவரைக் காட்டினார். "டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரேப்பா."

கிளீனர் முதலாளியைப் பார்த்தார். 'இந்த ஆளை மாடியிலிருந்து தள்ளினால் கீழே டயர் அடுக்கு இருக்கிறது, அடிபடாது' என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எடைமேடை கண்டுகொள்ளவில்லை.

"அவங்க என்ன பதில் சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ராத்திரி சோத்தைப் போட்டா. தட்டு வச்ச சத்தம் மட்டும் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டுச்சு. காலையில வேலைக்குப் போயிட்டா, கார்மெண்ட்ஸ்க்கு." அவர் எழுந்து நின்றார். "அந்தப் பிலிம்ல என்னமோ தில்லுமுல்லு நடந்திருக்கு. யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. பொண்ணுக்கு இடம் போச்சுன்னா என்னை மாதிரியே மூட்டைதான்."

எடைமேடை பிலிமை வாங்கி ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு கை, விரல்களை விரித்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று. ஓரத்தில் பொண்ணு பேர். ஆள்காட்டி விரல் நுனியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு பளிச்சென்ற புள்ளி. புடவைத் தலைப்பால் துடைத்தாள். போகவில்லை. மறுபடி கவரில் போட்டாள்.

"சாயங்காலம் டாக்டர் ரூமுக்கு வந்துடுங்க. எதுவும் பேசாம வாங்க" என்றாள் லோடுமேனிடம். "பேசினது போதும்."

*

விளையாட்டு மைதானத்தில் பொண்ணைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே ஒரு தலை தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கூட ஆடுகிறவர்கள் அவளை நெட்டை என்று கூப்பிட்டார்கள். பந்தை எறிந்தாள், வளையத்தில் படாமலே வலைக்குள் விழுந்தது. மறுபடி எறிந்தாள், மறுபடி விழுந்தது. கிளீனர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கோச்சம்மா விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். நெட்டையைப் பற்றிக் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது. "இவ இல்லன்னா இவ இடம் பூட்ஸ் கடைக்காரர் பொண்ணுக்குப் போகும். அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. பந்து வந்தா கண்ணை மூடிக்கும், அது ஒண்ணுதான் குறை."

கிளீனர் முதலாளியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "முடிஞ்சுது முதலாளி. பூட்ஸ் கடைக்காரர் எக்ஸ்ரேக்காரனுக்கு ரெண்டு ஜோடி செருப்பு குடுத்திருப்பார். பிலிம் மாறிடுச்சு. வாங்க, கடையில போய் உக்காருவோம். எனக்கும் செருப்பு தேயுது."

"அண்ணே, எடையில திருடுறவன் எவ்வளவு திருடுவான்?"

"அம்பது கிலோ, நூறு கிலோ."

"அஞ்சு டன் திருடுவானா?"

"பைத்தியமா அவனுக்கு? பார்த்த உடனே தெரிஞ்சிடுமே."

"அதான். இவளைக் கழட்டிவிடப் பதினஞ்சுன்னு சொன்னா போதும். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. பதினெட்டுக்கு மேலன்னு போறது திருட்டுக் கணக்கு இல்ல, தப்புக் கணக்கு. எங்கேயோ வண்டி ஒண்ணு, சீட்டு ஒண்ணு ஆகியிருக்கு."

செருப்பு ஆசையைக் கிளீனர் மனசில்லாமல் விட்டார்.

நெட்டையை மரத்தடிக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றாள். நின்றால் கிளீனர் உயரம். மூஞ்சி மட்டும் சின்னப்பிள்ளை. மேலுதட்டில் தண்ணீர் ஒட்டியிருந்ததைத் துடைக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஷூ நுனியால் மண்ணில் கோடு போட்டாள்.

"எக்ஸ்ரே எடுத்தாங்களே, பயந்தியா?" என்றாள் எடைமேடை.

"இல்லக்கா."

"கையை வச்ச இடம் எப்படி இருந்துச்சு?"

கோடு நின்றது. "லேசா சூடா இருந்துச்சு."

"வலிச்சுதா?"

"கொஞ்சூண்டு."

கிளீனருக்கு இந்தக் கேள்விகள் சப்பென்றிருந்தன. "பாப்பா, ஒரு பந்தயம். கைமல்யுத்தம். எனக்கு வலது தோள் சரியில்ல, இடது கையில போடலாம். நான் ஜெயிச்சா உண்மையைச் சொல்லணும்."

"நீங்க தோத்தா?"

"நான் எங்க தோக்கப் போறேன்?"

சிமெண்ட் பெஞ்சின் இரண்டு பக்கமும் மண்டியிட்டார்கள். கிளீனரின் முட்டிகள் ஒரு வார்த்தை திட்டின. கை கோத்த மறுகணம் அவர் புறங்கை பெஞ்சில் பட்டது. அதோடு அவர் மணிக்கட்டில் நங்கென்று என்னவோ இடித்தது. அவர் கையை உதறிக்கொண்டே அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தார். வியர்வை துடைக்கும் கனத்த துணிப்பட்டை மாட்டியிருந்தாள்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா."

"பாப்பா, நான் ஒரு பேரிங்கை இருட்டுல தொட்டாலும் எந்த வண்டியோடதுன்னு சொல்லுவேன். பட்டையைத் தள்ளு."

கோச்சம்மா அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பட்டையைத் தள்ளினாள். மணிக்கட்டைக் கவ்விக்கொண்டு ஒரு இரும்பு வளையம், பளபளவென்று. லாரி பேரிங்கின் வெளிவளையம். அப்பா ஷெட்டிலிருந்து கொண்டுவந்த பழசு. ஒன்பது வயசில் விளையாட்டாக மாட்டிக்கொண்டாள். அப்போது தொளதொளவென்று முழங்கை வரைக்கும் போகுமாம். பிறகு கை வளர்ந்துவிட்டது, வளையம் வளரவில்லை. போன வருஷத்திலிருந்து கழட்ட முடியவில்லை. ஆட்டத்தில் இரும்பு போடக்கூடாது, தெரிந்தால் வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று பட்டையால் மூடியே வைத்திருந்தாள்.

"அறுத்துடலாமே?" என்றாள் எடைமேடை.

"நல்ல கதை" என்றார் கிளீனர். "இது பேரிங் இரும்பு முதலாளி. ஆக்ஸா பிளேடைப் போட்டா பிளேடுக்குத்தான் பல்லு போகும்."

எடைமேடை கவரிலிருந்து பிலிமை எடுத்து வானத்துக்கு நேராகப் பிடித்தாள். மணிக்கட்டு சுத்தமாக இருந்தது. வளையம் இருந்திருந்தால் வெள்ளைச் சுவர் மாதிரி தெரிந்திருக்கும்.

"அண்ணே, இந்தக் கையில இரும்பு இருக்கா?"

கிளீனர் பிலிமைப் பார்த்தார், பொண்ணைப் பார்த்தார். "அப்போ இது இவ கையே இல்ல."

"யாரு கை பாப்பா?" என்றாள் எடைமேடை, மெதுவாக.

"எனக்குத் தெரியாது." நெட்டை பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். பந்தை எடுத்து எறிந்தாள். வளையத்தில் பட்டுத் தெறித்தது. மறுபடி எறிந்தாள். பலகையைக்கூடத் தொடவில்லை.

"பொய் சொல்லிட்டுப் பந்து போடறது கஷ்டம்" என்றார் கிளீனர்.

*

எக்ஸ்ரே நிலையத்தில் டெக்னீஷியன் பன் தின்றுகொண்டிருந்தார். கிளீனர் பன்னைப் பார்த்தார். டெக்னீஷியன் பன்னை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

அறையின் நடுவே ஈயத் தகடு பொதிந்த ஒரு தடுப்புச் சுவர். அதில் முழங்கை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. பிள்ளைகள் அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து, சீட்டோடு கையை மட்டும் இந்தப் பக்கம் நீட்ட வேண்டும். உடம்பில் கதிர் படக்கூடாது என்று எலும்பு டாக்டரே யோசித்துச் செய்யச்சொன்ன ஏற்பாடு.

"நீட்டுற ஆளை நீங்க பார்க்க மாட்டீங்களா?" என்றாள் எடைமேடை.

"எனக்கு மணிக்கட்டுக்கு மேல யாரையும் தெரியாதும்மா. அன்னைக்கு எத்தனை பிள்ளைங்க. கை வரும், சீட்டு வரும். கையைப் பிளேட்டுல வைப்பேன். பிளேட்டு ஐஸ் மாதிரி இருக்கும், எல்லாப் பிள்ளையும் ஒரு தடவை வெடுக்குன்னு இழுத்துக்கும். மறுபடி பிடிச்சு வைப்பேன். பட்டனைத் தட்டுவேன். அடுத்த கை."

ஜில்லென்ற பிளேட்டைத்தான் பொண்ணு சூடு என்றிருந்தாள். கிளீனர் அதை விரலில் எண்ணி மடக்கிக்கொண்டார். பொண்ணு இந்த அறைக்குள்ளேயே வரவில்லை.

"அதுல வித்தியாசமான கை எதுவும் வந்துச்சா?"

டெக்னீஷியன் பன்னை மென்றுகொண்டே யோசித்தார். "ஒண்ணு வந்துச்சு. சோப்புத் தண்ணி சொட்டச் சொட்ட. தொடைச்சுட்டு வைன்னு சத்தம் போட்டேன். பதிலே வரல. நானே தொடைச்சேன். புறங்கையில நீல நூல் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு, அதையும் எடுத்துப் போட்டேன். அந்தக் கை மட்டும் இழுத்துக்கவே இல்ல. வச்சது வச்ச மாதிரி. நல்ல பிள்ளைன்னு நெனச்சேன்."

எடைமேடை பிலிமைக் காட்டினாள். "விரல் நுனியில இந்தப் புள்ளி?"

"பிளேட்டுல தூசி இருந்திருக்கும்."

"பிளேட்டுல தூசின்னா அடுத்த பிள்ளை பிலிம்லயும் அதே இடத்துல இருக்கணுமே."

டெக்னீஷியன் பன்னைக் கீழே வைத்தார். கம்ப்யூட்டரில் அடுத்த கையை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார். எதிலும் புள்ளி இல்லை. பெரிதாக்கிப் பார்த்ததும் அது புள்ளியே இல்லை, ஒரு முனை கூரான சின்னஞ்சிறு துண்டு. "இரும்பு" என்றார். "விரலுக்குள்ள இருக்கு."

"விரலுக்குள்ள இரும்பு போற வேலை என்னண்ணே?"

"வெல்டிங். லேத்து. பட்டறை." கிளீனர் அடுக்கினார். "என் விரல்லயும் ஒரு தழும்பு இருக்கு, ஆனா அது லாரிக் கதவு நசுக்கினது."

"நூலும் இரும்பும் சேர்ந்து போற வேலை?"

கிளீனர் இன்னொரு பட்டறையைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். "முதலாளி. நம்ம கட்சிக்காரர் சம்சாரம் எங்க வேலை பார்க்குறதாச் சொன்னார்?"

"நடங்க" என்றாள் எடைமேடை.

*

கார்மெண்ட்ஸ் கேட்டில் நின்று சொல்லியனுப்பினார்கள். இடைவேளை மணி அடித்ததும் லோடுமேன் மனைவி வந்தாள். சின்ன உருவம். பொண்ணு தோளுக்குத்தான் வருவாள். தலையிலும் தோளிலும் நீல நூல் பிசிறு. கிளீனர் அவள் இடது கையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை மட்டும் மற்ற விரல்களிலிருந்து கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தாள், எதிலும் இடிக்காமல்.

எடைமேடை பிலிமை நீட்டினாள். "உங்க கைதானேம்மா?"

அவள் கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இரும்பு எதுவும் இருந்தா கழட்டிட்டு வான்னு போர்டு போட்டிருந்தாங்க. குழாயடியில அவ கையில சோப்பு தேய்ச்சேன், தேய்ச்சேன், தோல் உரியற வரைக்கும் தேய்ச்சேன். வளையம் அசையல. உள்ள அவ பேரைக் கூப்பிடறாங்க. வரலன்னா அடுத்த வருஷம்னு சொல்லிட்டாங்க. ஓட்டையில கையைத்தானே நீட்டணும்? என் கையும் அவ கையும் ஒரே அளவு. சீட்டை வாங்கிட்டு நான் போயிட்டேன்."

"வயசு பார்க்கத்தான் எடுக்குறாங்கன்னு தெரியாதா?"

"எலும்புல பழுது இருக்கான்னு பார்க்குறாங்கன்னு நெனச்சேன்மா. ஆடற பிள்ளைங்க, விழுந்து கிழுந்து ஒடிஞ்சிருக்கான்னு பார்ப்பாங்கன்னு. என் எலும்பு கெட்டி. ஒரு நாள் படுத்தது கிடையாது. வயசு தெரியும்னு எவன் கண்டான்? எங்க எலும்புல எழுதியா வச்சிருக்கு?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"ஆள் மாறாட்டம்னு பொண்ணை ஆயுசுக்கும் ஒதுக்கி வச்சிட்டா? அவகிட்டயும் வாயைத் திறக்காதேன்னு சொல்லிட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். திடீரென்று அவள் வாயோரம் லேசாகக் கோணியது. "ஒண்ணு சொல்லட்டா? எனக்கு முப்பத்து மூணு முடிஞ்சுது. மெஷின் பதினெட்டுன்னு சொல்லுச்சு. வாழ்க்கையில ஒருத்தரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்ல."

கிளீனர் பக்கத்தில் உட்காரப் போனார், முட்டி மறுத்தது, சுவரில் சாய்ந்தார். "உங்க வீட்டுக்காரர் நேத்து என்னமோ கேட்டாராமே."

கோணிய வாய் நேரானது. "ஆமா. என் கையைப் பார்த்துட்டு என்கிட்டயே கேட்டார்."

எடைமேடை அவள் விரலைத் தொட்டாள். அவள் முகம் சுளித்தாள்.

"ஊசி ஒடிஞ்சுது ஒரு தடவை. முனையைக் காணோம். உள்ள இருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். நெனப்புத்தான், வேலையைப் பாருன்னார்."

"நெனப்பு இல்ல. பிலிம்ல இருக்கு."

அவள் பிலிமை வாங்கி அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

எடைமேடை திட்டம் சொன்னாள். முதலில் வளையத்தை அறுக்க வேண்டும். பிறகு டாக்டரிடம் போய், பிலிமில் வளையம் இல்லை, அதனால் கை இவளுடையதில்லை, ஓட்டை வழியாக எந்தக் கையோ வந்துவிட்டது, மறுபடி எடுங்கள் என்று மட்டும் சொல்வது. யார் கை என்ற பேச்சு வேண்டாம்.

*

வளையத்தை அறுத்தது கிளீனரின் பழைய சிநேகிதர் ஒருவரின் லாரி ஷெட்டில். நெட்டையின் மணிக்கட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி, ஈரத்துணி சுற்றி, கட்டிங் மெஷினைக் கிளீனரே பிடித்தார். தீப்பொறி பறந்தது. பொண்ணு கண்ணை மூடவில்லை. கிளீனர்தான் பாதி மூடிக்கொண்டு அறுத்தார். வளையம் சூடேறச் சூடேறத் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு பக்கமும் வெட்டியதும் வளையம் இரண்டு பிறையாக விழுந்தது. மணிக்கட்டில் வெளுத்துப்போன ஒரு பள்ளம். நெட்டை கையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள், புதுசாக வாங்கியது போல.

டாக்டர் அறையில் லோடுமேன் ஏற்கெனவே சுவரோடு சுவராக நின்றிருந்தார். சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. மனைவியைப் பார்த்ததும் கேள்வியாகப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

எடைமேடை இரண்டு பிறைகளையும் டாக்டர் மேஜையில் வைத்து விஷயத்தை அளந்து சொன்னாள். டாக்டர் பிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"சரி, இது இந்தப் பொண்ணு கை இல்ல. அப்போ யாரு கை?"

"அதை நீங்க வெட்டின ஓட்டையைத்தான் கேக்கணும் டாக்டர்" என்றார் கிளீனர்.

டாக்டர் சிரிக்கவில்லை. "வேற பிள்ளை கைன்னா அந்தப் பிள்ளை பேர்ல தப்புப் பிலிம் போயிருக்கு. எல்லாப் பிள்ளைங்களையும் மறுபடி எடுக்கணும். அதுவரைக்கும் ஒருத்தரையும் சேர்க்க முடியாது."

எடைமேடையின் கணக்கில் இது இல்லை. கிளீனர் அவளைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள். எப்போதும் உடனே கிடைக்கிற வார்த்தை.

"என் கை" என்றாள் லோடுமேன் மனைவி.

மேஜை மேல் இடது கையைப் பிலிமில் இருந்தது போலவே விரித்து வைத்தாள். ஆள்காட்டி விரலை மட்டும் கொஞ்சம் தூக்கி. "வேற எந்தப் பிள்ளையோடதும் இல்ல. நான்தான் நீட்டினேன். பொண்ணு வேணாம்னு அழுதா. அவளை ஒதுக்காதீங்க. எனக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

நெட்டை அம்மாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றாள், அங்கே ஒளிய முடியும் என்பது போல. லோடுமேன் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

டாக்டர் அந்த விரல் நுனியை அழுத்தினார். அவள் ஸ்ஸென்றாள். பிலிமில் புள்ளியைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. பிள்ளைங்க எலும்பு நுனியில ஒரு கோடு மாதிரி இடைவெளி இருக்கும். வளரறது அங்கதான். வளர வளர மூடிக்கிட்டே வரும். எது எது மூடியிருக்குன்னு பார்த்து வயசு சொல்லுவோம். பதினெட்டு வாக்குல மொத்தமும் மூடிடும். அதுக்கப்புறம் எலும்பு வாயைத் திறக்காது. முப்பதா அறுபதான்னு இந்தக் கை சொல்லாது. அதான் பதினெட்டு அல்லது மேல்."

"மேல்னு ஒரு வார்த்தை இருந்துச்சா?" என்றாள் அவள், கொஞ்சம் ஏமாற்றமாக.

"ஆள் மாறாட்டம்?" என்று ஞாபகப்படுத்தினாள் எடைமேடை. ஒளித்து வைத்த கேள்வி பின்னால் வந்து கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வயசைக் குறைக்கறதுக்கு ஆள் மாத்தினவங்களைப் பார்த்திருக்கேன். ஏத்திக்கறதுக்கு மாத்தினவங்களை இன்னைக்குத்தான் பார்க்குறேன். தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்கறதுக்கு விதியில தண்டனை இல்ல." டாக்டர் எழுந்தார். "ஓட்டை வச்சது என் தப்பு. நானே வந்து எடுக்குறேன். மூஞ்சியையும் பார்த்துட்டு."

நெட்டை பிளேட்டில் கையை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஜில்லுன்னு இருக்கு" என்றாள். கிளீனர் வாசலிலேயே சிரித்துவிட்டார்.

புதுப் பிலிமில் ஒவ்வொரு விரலிலும் கறுப்புக் கோடுகள் தெளிவாக இருந்தன. டாக்டர் தன் படப் புத்தகத்தில் இருந்த கைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"பதினொண்ணு."

"பன்னெண்டுங்க" என்றார் லோடுமேன். அவர் அங்கே பேசிய முதல் வார்த்தை.

"எலும்பு காலண்டர் பார்த்து வளராது. ஒரு வருஷம் முன்னப்பின்ன இருக்கறது சகஜம். பதினாலைத் தாண்டல, அது போதும். கோச்சுக்கு இப்பவே போன் பண்றேன்." டாக்டர் பொண்ணை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் நல்லா வளருவா."

"இன்னுமா?" என்றார் கிளீனர். "வாசக்கால் என்ன பாவம் பண்ணுச்சு?"

டாக்டர் லோடுமேன் மனைவியிடம் திரும்பி, நாளைக்கு வந்தால் ஊசி முனையை எடுத்துவிடலாம் என்றார். அவள் முதல் பிலிமைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசருக்குக் காட்ட வேண்டுமாம்.

*

தெருவில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நெட்டை முன்னால் ஓடினாள், போகிற வழியில் தொங்கிய ஒவ்வொரு கடைப் பலகையையும் எகிறி எகிறித் தொட்டுக்கொண்டு. அவள் அம்மா பிலிமை மார்போடு அணைத்தபடி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். லோடுமேன் எடைமேடையின் கையில் கூலியைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றார்.

"எங்க கணக்கு தீர்ந்துச்சு" என்றாள் அவள். "உங்க கணக்கு தீரல."

"யாருக்கு இன்னும்?"

அவள் தாடையால் பஸ் நிறுத்தத்தைக் காட்டினாள்.

லோடுமேன் கழுத்தைச் சொறிந்தார். "கையை நீட்டினது அவதானேம்மா. அவ நீட்டலன்னா நான் கேட்டே இருக்க மாட்டேனே."

"அவங்க நீட்டினது கையை" என்றார் கிளீனர். "நீங்க நீட்டினது நாக்கை. கைக்கு டாக்டர் தீர்ப்பு சொல்லிட்டார். குழந்தையை உங்க கையிலதானே வாங்கினீங்க?"

லோடுமேன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் வந்தது. ஓடிப்போய் முதலில் ஏறி, ஜன்னலோர இடத்தைத் துண்டு போட்டுப் பிடித்து, மனைவியை உட்காரச் சொன்னார். அவள் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். விரல் வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்றாள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், நெட்டையிடம் என்னவோ ஷூவைப் பற்றிக் கேட்டார். மனைவி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைகிறவரை கிளீனர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கேட்டாரா?" என்றாள் எடைமேடை.

"சீட்டு பிடிச்சார், தண்ணி கேட்டார், விரலைக் கேட்டார். மன்னிப்பு கேக்கல."

லோடுமேன் தன் மனைவிக்குத் தர வேண்டிய மன்னிப்பு ஒன்று பாக்கி.